ஸ்பிற்பயரின் வயிறு

மகள் இந்த முறை என்ர பிறந்தநாளுக்கு ஒரு விமானம் வாங்கித் தந்தாள். எயார்ஃபிக்ஸ் கொம்பனியின் ஸ்பிற்பயர் மார்க் 1, 1/72 அளவு, பிளாஸ்ரிக் கிற். பழகுபவர்களுக்கான செற் என்பதால் பசை, இரண்டு பிறஷ், விரல்நுனி அளவுப் பெயின்ற் குப்பிகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. "அப்பா, நீங்கள் எந்த நேரமும் போனையே பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள். இதைச் செய்யுங்கோ" என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. எனக்கு நாற்பத்தைந்து.

இரண்டு கிழமை எடுத்தது. விமானம் இப்போது புத்தக அலுமாரியில் நிற்கிறது. ஆறடி தள்ளி நின்று பார்த்தால் பரவாயில்லை. எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று சொல்லித்தர யூரியூப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது. ஒரு புத்தகத்தை வாசித்து முடித்தால் அதைப் பற்றி நாலு வரி எழுதுகிறோம் தானே. இதைப் பற்றியும் எழுதலாம். இதுவும் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று யாரோ யோசித்துச் செய்த சாமான்தான். அட்டைப்படம் இருக்கிறது, செய்முறைத் தாள் இருக்கிறது, பிளாஸ்ரிக்கில் வார்த்த துண்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பார்வை இருக்கிறது.

முதலில் பெட்டி. மாதிரி விமானம் செய்கிறவர்களில் பாதிப்பேர் பெட்டியில் இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் அதை வாங்குகிறார்கள். எயார்ஃபிக்ஸ் 1939 இல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் லண்டனில் தொடங்கிய கொம்பனி. ஆரம்பத்தில் காற்றடிக்கிற றப்பர் விளையாட்டுச் சாமான், பிறகு சீப்பு. விமானத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1952 இல் கோல்டன் ஹைன்ட் என்ற பழைய கப்பலைக் குட்டிக் கிற்றாகச் செய்து, பெட்டிகூட இல்லாமல் பிளாஸ்ரிக் பையில் போட்டு, வூல்வேர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றார்கள். ஸ்பிற்பயரும் அந்த 1950களிலேயே வந்துவிட்டது. பிறகு 1964 இல் றோய் குறொஸ் என்ற ஓவியர் வந்தார். பத்து வருடம் பெட்டிகளுக்குப் படம் வரைந்தார். இன்றைக்கும் அறுபது எழுபது வயது ஆங்கிலேயர்களிடம் எயார்ஃபிக்ஸ் என்று சொல்லிப்பாருங்கள், அவர்களுக்கு ஞாபகம் வருவது பிளாஸ்ரிக் அல்ல, அந்தப் படங்கள். இப்போது வருகிற பெட்டிகளில் அடம் ரூபி கொம்பியூட்டரில் செய்த படங்கள் இருக்கின்றன. ஆள் மாறியிருக்கிறது, கருவி மாறியிருக்கிறது. பார்க்கிற கண்ணின் இடம் பெரும்பாலும் அதேதான்.

அந்தக் கண் வானத்தில் இருக்கிறது. பக்கத்தில் பறக்கிற இன்னொரு விமானியின் கண். விமானம் உங்களைத் தாண்டி ஒரு பக்கமாகச் சரிந்து போகிறது, இறக்கையின் மேல்பக்கம் முழுசாகத் தெரிகிறது, கீழே முகில், முகிலுக்குக் கீழே கொஞ்சம் வயல். வயலில் ஆட்கள் இல்லை. இருந்தாலும் அந்த உயரத்தில் தெரியாது.

நல்ல படம் இல்லை என்று சொல்ல வரவில்லை. குறொஸின் படங்களில் வெளிச்சம் விழுகிற விதம் அபாரம். உலோகத்தகட்டில் வெயில் படுகிற இடத்தில் நிறம் எப்படி வெளிறும் என்று அந்த மனிசனுக்குத் தெரிந்திருக்கிறது. பெயின்ற் அடிக்கிறபோது நான் அவரைத்தான் பார்த்தேன், செய்முறைத் தாளை அல்ல. ஆனால் அந்தப் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்தபோது ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது. அது என்ன என்று விளங்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாள். பழைய எயார்ஃபிக்ஸ் செய்முறைத் தாள்களை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். 1960களில் அதில் வசனங்கள் இருந்தன. இந்தத் துண்டை எடு, அந்தத் துளையில் பொருத்து, பசை போடு, காயவிடு என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். வால்சிறகு, சுக்கான், சக்கரம் தாங்குகிற கால், எல்லாவற்றுக்கும் பெயர். எனக்குக் கிடைத்த தாளில் ஒரு வசனமும் இல்லை. வெறும் படம், அம்புக்குறி, துண்டின் இலக்கம், பெயின்ற்றின் இலக்கம். எல்லா நாட்டுக்கும் ஒரே தாள் அச்சடிக்கலாம் என்பதால் கொம்பனிக்கு இலாபம், மொழி தெரியாதவனுக்கும் வசதி. லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு அப்படி ஒரு தாள் எல்லாவற்றுக்கும் இருந்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும். ஆனாலும் பெயர் போய்விட்டதே என்று ஒரு கவலை. இரண்டு கிழமை விமானம் செய்து முடித்த என்ர மகளுக்கு "பதினெட்டாவது துண்டு" தெரியும். அது எண்ணெய் குளிராக்கி என்று தெரியாது. நான் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த எண்ணெய் குளிராக்கியில்தான் என்ர முட்டாள்தனமும் நடந்தது. ஸ்பிற்பயரைக் கீழிருந்து பார்த்தால் அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மார்க் 1 இல், விமானியின் வலது கைப்பக்க இறக்கைக்கு அடியில் பெரிய சதுரப் பெட்டி மாதிரி றேடியேற்றர். இடது பக்கம் சின்னதாக, உருண்டை வாயோடு, எண்ணெய் குளிராக்கி. நான் விமானத்தைக் குப்புறக் கவிழ்த்து, மூக்கை அந்தப் பக்கம் பார்க்க வைத்து ஒட்டினேன். கவிழ்த்தால் இடமும் வலமும் மாறும் என்பது மூளைக்கு வரவில்லை. துண்டு சரியாக இருக்கவில்லை. பிளாஸ்ரிக்தான் பிழை என்று நினைத்து, நகம் தேய்க்கிற மட்டையால் இறக்கையின் குழியைப் பெரிதாக்கத் தொடங்கிவிட்டேன். மகள்தான் "அப்பா, மற்றதை இந்தப் பக்கம் வைச்சுப் பாருங்கோவன்" என்றாள். வைத்தோம், இருந்தது. ஆனால் அதற்குள் பசை பூசியாகிவிட்டது. இந்தப் பசை மரத்துக்குப் பூசுகிற பசை மாதிரி இல்லை. பிளாஸ்ரிக்கையே கொஞ்சம் கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. பிழையாகப் பூசிய இடம் ஆறிய புண் மாதிரிச் சுருங்கிக் கிடக்கிறது, இன்றைக்கும்.

பிளாஸ்ரிக் பற்றிச் சொல்லவேண்டும். இந்த வார்ப்பு 2010 அளவில் புதிதாகச் செய்தது. அந்த வருடங்களில் எயார்ஃபிக்ஸ் கிற்றுகள் இந்தியாவில் வார்க்கப்பட்டன, பெட்டியின் பக்கத்தில் சின்ன எழுத்தில் அப்படி இருக்கும். ஆங்கிலேயரின் பெருமைச் சின்னம், இந்தியாவில் வார்த்தது, யாழ்ப்பாணத்தான் லண்டனில் இருந்து ஒட்டுகிறான். சிரித்துக்கொண்டுதான் ஒட்டினேன். பழக்கமானவர்கள் இந்த வார்ப்புகள் மீது வைக்கிற முக்கியமான குற்றச்சாட்டு, தகடுகள் பொருந்துகிற கோடுகள் சரியான ஆழமும் அகலமும் என்பது. கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது நியாயம்தான். மாதிரியில் 0.3 மில்லிமீற்றர் அகலக் கோடு, 72 ஆல் பெருக்கினால் 21.6 மில்லிமீற்றர். உண்மையான ஸ்பிற்பயரில் இரண்டு தகடுக்கு நடுவில் பெருவிரல் போகிற பள்ளம் இருந்தால் அது பறந்திருக்காது. உண்மையில் அந்த விமானத்தின் இறக்கையில் ஆணித்தலைகள்கூட வெளியே துருத்தாமல் தகட்டோடு மட்டமாக அடிக்கப்பட்டன, காற்று வழுக்கிப் போகவேண்டும் என்று.

ஆனால் என் பக்கத்தில் ஒரு மறுப்பு இருக்கிறது. பழகுகிறவன் பெயின்ற்றைத் தடிப்பாகத்தான் அடிப்பான். எத்தனை தரம் சொன்னாலும், தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு மூன்று தரம் பூசு, ஒவ்வொரு பூச்சும் காயும் வரைக்கும் பொறு என்று சொன்னாலும், பொறுக்கமாட்டான். நான் பொறுக்கவில்லை. நுணுக்கமான கோடு போட்ட கிற்றில் என்ர பிறஷ் போயிருந்தால் எல்லாக் கோடும் மூடுண்டு, பச்சைச் சவர்க்காரக்கட்டி மாதிரி ஒன்று வந்திருக்கும். அகலக் கோடு என்னைக் காப்பாற்றியது. அளவில் பிழை, ஆளுக்குச் சரி. பழகுபவருக்கான சாமானை மதிப்பிடுகிறபோது இந்த இரண்டாவது கணக்கையும் போடவேண்டும் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் கிற் செய்தவர்களின் மதிப்புரைகளில் அது பெரும்பாலும் வருவதில்லை.

செற்றில் பிழை என்று நான் சொல்லக்கூடியது ஒழுங்கு முறைதான். தாள் முதலில் பக்கம் பக்கமாக ஒட்டச் சொல்கிறது, நிறங்களின் படம் கடைசியில் வருகிறது. புதிதாகச் செய்கிறவன் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டுப் பெயின்ற்றைத் திறப்பான். அப்போது விமானி உட்காருகிற இடம் மூடப்பட்டுவிடும், பிறஷ் போகாது. உள்ளே இருப்பதை முதலில் பூசி, பிறகு உடம்பின் இரண்டு பாதியையும் சேர்க்கவேண்டும். இலக்கங்களைக் கவனமாகப் பார்த்தால் தாளிலும் அது இருக்கிறதுதான். ஆனால் இருப்பது வேறு, முதல்முறை செய்கிறவனின் கண்ணில் படுவது வேறு. எங்கள் விமானி சாம்பல் நிறத்திலேயே இருக்கிறார். கண்ணாடி மூடிக்குள்ளால் பார்த்தால் சிலை மாதிரி. மூடியில் என்ர பெருவிரல் ரேகையும் இருக்கிறது, பசையோடு.

இனி அம்மா.

அம்மா எங்களோடுதான் இருக்கிறா. எழுபத்தாறு வயது. விமானம் மேசையில் காய்ந்துகொண்டிருந்த நாள், மேல்பக்கம் பழுப்பும் பச்சையும் பூசி முடித்திருந்தேன், எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. பார்த்தா. கையில் எடுத்தா. எடுத்த உடனே அதைக் கவிழ்த்து வயிற்றைப் பார்த்தா.

"அதில பெயின்ற் இன்னும் காயேல்லை அம்மா, மேல்பக்கத்தைப் பாருங்கோ."

"எனக்கு மேல்பக்கம் தெரியாது தம்பி" என்றா. பகிடியாகச் சொல்லவில்லை, வேறு எப்படியும் சொல்லவும் இல்லை. விமானத்தைப் பக்குவமாக வைத்துவிட்டுப் போய்விட்டா. கையில் பச்சை ஒட்டியிருந்தது.

எனக்கும் மேல்பக்கம் தெரியாது. 1990 இல் எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு விமானம் என்றால் முதலில் சத்தம், பிறகு வயிறு. வீட்டுக் கோடிப்பக்கம் பனங்குற்றி அடுக்கி மண் போட்ட பங்கர். "பொம்பர் சுத்துறான்" என்று யாராவது கத்தினால், கத்தினவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பார்த்துவிட்டு ஓடுவோம். நாங்கள் சின்னப்பிள்ளைகள் எல்லோரும் சத்தத்தை வைத்து வகை சொல்லுவோம். ஹெலியின் சத்தம் வேறு. சியாமாசெட்டி குத்துகிற சத்தம் வேறு. பீப்பாய்க்குண்டு போட்ட மெதுவான சாமான் விமானத்தைச் சகடை என்று சொல்லுவோம், அது வந்து சேரவே நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் கொடுமை. 1995 ஒக்ரோபர் கடைசியில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபிறகு கிபிர் வந்தது. கிபிரைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க ஏலாது. சத்தம் கேட்கிறபோது அது போய்விட்டிருக்கும். நாங்கள் கற்ற கல்வி அதோடு பிரயோசனம் இல்லாமல் போய்விட்டது.

பெட்டிப் படத்தில் எனக்குச் சரியில்லாமல் பட்டது இதுதான். நான் சின்னனில் நூற்றுக்கணக்கான தடவை போர் விமானம் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை.

இதை ஒரு முறைப்பாடாக எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். மேலிருந்து பார்க்கிறவர்களின் பொழுதுபோக்கு, வயல் வெறுமையாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று. ஆனால் கொஞ்சம் தேடி வாசித்தபோது விஷயம் அப்படி நேராக இல்லை. முதலில், 1940 கோடையில் ஸ்பிற்பயரைக் கீழிருந்து பார்த்த கென்ற் மாவட்டத்து மனிசருக்கு அந்த வயிறு பயத்தின் வயிறு அல்ல. அவர்கள் பயந்தது மற்ற விமானங்களுக்கு. இதை நான் மறந்துவிட்டு எழுதினால் அது நேர்மையில்லை.

இரண்டாவது, இந்த 1/72 என்ற அளவு. 1930களில் ஜேம்ஸ் ஹே ஸ்ரீவன்ஸ் என்பவர் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மர மாதிரிகளுக்காக இதை எடுத்தார். ஆறடிக்கு ஒரு அங்குலம், ஆங்கிலேயர் கணக்குக்கு லேசு. 36 அடி 10 அங்குல இறக்கை அகலம் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, கிட்டத்தட்ட 156 மில்லிமீற்றர் ஆகிவிடும். உள்ளங்கையில் அடங்கும். ஆனால் இந்த அளவு உலகம் முழுக்கப் பரவியதில் போருக்கும் பங்கு உண்டு. எந்த விமானம் நம்முடையது, எது எதிரியுடையது என்று கீழே நிற்கிற ஆட்களுக்குப் படிப்பிக்கவேண்டியிருந்தது. பீரங்கிக்காரருக்கும், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒப்சேவர் கோர் தொண்டர்களுக்கும். அதற்கு மாதிரிகள் தேவைப்பட்டன. 1942 இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானம் மரத்தில் செதுக்கித் தரச்சொல்லிக் கேட்டது. ஐம்பது வகை, வகைக்குப் பத்தாயிரம், எல்லாம் 1/72. கறுப்புப் பெயின்ற், நிழல் மாதிரி. 1/72 மாதிரியை 35 அடி தள்ளித் தொங்கவிட்டால், அது ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் பறக்கிற உண்மையான விமானம் போலத் தெரியும். 35 ஐ 72 ஆல் பெருக்கிப் பாருங்கள், 2520 அடி.

அதாவது அந்தக் காலத்தில் இந்த மாதிரிகளைச் செய்தவர்கள் கீழிருந்து பார்க்கத்தான் செய்தார்கள். கூரையில் தொங்கவிட்டு, கீழே வரிசையாக உட்கார்ந்து, வகை சொன்னார்கள். நாங்கள் பங்கருக்குப் பக்கத்தில் நின்று செய்த அதே வேலை. போர் முடிந்தது, மாதிரி பொழுதுபோக்கானது, கூரையில் இருந்து இறங்கி அலுமாரிக்குப் போனது. அலுமாரியில் வைத்தால் மேல்பக்கம்தான் தெரியும். வயிறு தட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

எங்கள் கிற்றின் வயிற்றுக்கு ஸ்கை என்று ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். வெளிறிய பச்சையும் மஞ்சளும் கலந்த, இளம் பட்டாணிக்கடலை மாதிரி ஒரு நிறம். ஆகாயத்தோடு சேர்ந்து தெரியாமல் போகவேண்டும் என்பது நோக்கம். 1940 ஜூனில்தான் இந்த நிறம் போர் விமானங்களுக்குக் கட்டாயமானது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று வாசித்தபோது நான் எழும்பி நின்றுவிட்டேன். இடது இறக்கையின் அடி கறுப்பு. வலது இறக்கையின் அடி வெள்ளை. நேர் பாதி. கீழே நிற்கிற தன் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தவுடனே "எங்கட" என்று தெரிந்துகொள்ளவேண்டும், சுட்டுவிடக்கூடாது என்பதற்காக. விமானத்தின் வயிற்றில், கீழே நிற்கிற மனிசனுக்கு ஒரு செய்தி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நான் பார்த்த எந்த வயிற்றிலும் எனக்கென்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு லாம்பெத்தில் இருக்கிற இம்பீரியல் வோர் மியூசியத்துக்குப் போனேன். நுழைந்தவுடனே நடுமண்டபத்தின் கூரையில் ஒரு ஸ்பிற்பயர் மார்க் 1 தொங்குகிறது. இலக்கம் ஆர்-6915. பிரிட்டன் சமரில் 57 தடவை சண்டைக்குப் பறந்த விமானம், உண்மையானது. அம்மா அண்ணாந்து பார்த்தா. மகள் "அங்க பாருங்கோ அப்பம்மா, றேடியேற்றர், எண்ணெய் குளிராக்கி" என்று பெயர் சொல்லிக் காட்டினாள். பிறகு மாடிக்கு ஏறினால் அதே விமானத்தை அதன் உயரத்திலேயே நின்று பார்க்கலாம், இன்னும் ஏறினால் மேலிருந்தும். ஒரு விமானத்தை மூன்று உயரத்தில் இருந்து காட்டுகிற இடம். நல்ல விமர்சகர் யாரோ அந்தக் கட்டடத்தை யோசித்திருக்கிறார் என்று பட்டது. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, லிப்ற்றில் ஏறி வந்தா. மேல் மாடியில் நின்று கனநேரம் பார்த்தா. "இவ்வளவு மெல்லிசா" என்றா. இறக்கையைத்தான் சொன்னா.

நிறத்தைத் தவிர இன்னும் இரண்டு சின்ன விஷயம் இந்தக் கிற்றில் எனக்குப் பிடித்தது. டெக்கால் தாளில், அதாவது தண்ணியில் அரை நிமிடம் ஊறவைத்து வழுக்கி ஒட்டுகிற படத்தாளில், சிவப்பாகக் குட்டிக் குட்டிச் சதுரங்கள் இருக்கின்றன. இறக்கையின் முன்விளிம்பில் எட்டுத் துவக்கு வாய்களுக்கு மேல் ஒட்டவேண்டும். உண்மையில் அது துணி. தூசியும் குளிரும் உள்ளே போகாமல் ஒட்டிவிடுவார்கள். முதல் சூடு வைத்தவுடனே கிழிந்துவிடும். சிவப்புத் துணி முழுசாக இருந்தால், அந்த விமானம் இன்னும் சுடவில்லை. எங்கள் அலுமாரியில் நிற்பது சுடாத ஸ்பிற்பயர். இதைச் செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும்.

மற்றது காசு. போர்க்காலத்தில் ஒரு ஸ்பிற்பயருக்குப் பெயரளவில் 5000 பவுண் என்று விலை வைத்து, ஊர் ஊராக, குடியேற்ற நாடுகளிலும் நிதி சேர்த்தார்கள். காசு கொடுத்த இடங்களின் பெயர் படையணிகளுக்கு வைக்கப்பட்டது. 264 ஆவது அணிக்கு மதராஸ் பிரசிடென்சி என்று பெயர், டிஃபயன்ற் விமானங்களோடு பறந்தது. அந்த விமானமும் எயார்ஃபிக்ஸ் கிற்றாக இருக்கிறது. 102 ஆவது குண்டுவீச்சு அணிக்குச் சிலோன் என்று பெயர். குண்டுவீச்சு அணி. எங்கள் தாத்தாமார் யாராவது அதற்கு ஒரு ரூபாய் போட்டிருக்கக்கூடும். அந்தக் குண்டுகள் விழுந்த ஊர்களிலும் ஆட்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

1970களின் பிற்பகுதியில் எயார்ஃபிக்ஸ் தன் பெட்டிப் படங்களில் இருந்து விழுகிற குண்டுகளையும் வெடிப்புகளையும் தீயையும் அழித்தது. குறொஸின் படங்களிலேயே மேலால் வானம் பூசி மறைத்தார்கள். விளையாட்டுப் பொருளில் வன்முறை கூடாது, பெட்டியில் இல்லாததைப் படத்தில் காட்டக்கூடாது என்று இரண்டு காரணம். பழைய ரசிகர்கள் இதற்கு இன்றைக்கும் கோபப்படுகிறார்கள், கலையைக் கெடுத்துவிட்டார்கள் என்று. நானும் அவர்கள் பக்கம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. குண்டை அழித்துவிட்டால் விமானம் அழகான சாமானாக மட்டும் மிஞ்சுகிறது. குண்டு விழுகிற படத்தில் குறைந்தது கீழே ஒரு இடம் இருக்கிறது என்றாவது தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது என்று சொல்பவர்களின் வாதமும் எனக்கு விளங்குகிறது. என்ர மகளின் பெட்டியில் தீ இருந்திருந்தால் நான் வாங்கவிட்டிருப்பேனோ தெரியாது.

கிபிருக்கும் 1/72 இல் கிற் இருக்கிறது. இத்தாலியக் கொம்பனி ஒன்றும் யப்பானியக் கொம்பனி ஒன்றும் செய்திருக்கின்றன. இரவில் இருந்து அதன் படங்களைப் பார்த்தேன். முக்கோண இறக்கை, மூக்குக்குப் பின்னால் குட்டிச் சிறகு இரண்டு. எனக்கு அதன் வடிவம் இவ்வளவு தெளிவாக அன்றைக்குத்தான் தெரியும். வாங்குகிற கூடைக்குள் போட்டேன், பிறகு எடுத்தேன். செய்யக்கூடாது என்று ஒரு கொள்கையும் இல்லை. அம்மா இருக்கிற வீட்டில் அது காய்வதற்கு எந்த மேசையில் வைப்பது என்றுதான் யோசனை.

பதிலாக இன்னொரு ஸ்பிற்பயர் வாங்கியிருக்கிறோம், அதே வார்ப்பு, செற் இல்லாமல் தனிக் கிற். இந்த முறை 1939 இல் இருந்த மாதிரி, பாதி கறுப்பு பாதி வெள்ளை. மகள் வயிற்றில் இருந்து தொடங்குவோம் என்கிறாள். வெள்ளையை முதலில் அடிக்கவேண்டும், வெள்ளை கறுப்பை மூடாது. மூன்று மெல்லிய பூச்சு, ஒரு நாள் காயவிட்டு, நடுக்கோட்டில் ரேப் ஒட்டி, பிறகு கறுப்பு. விமானிக்கு முகம் பூசியாகிவிட்டது. மீன் பிடிக்கிற நைலோன் நூல் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், கூரையில் கொக்கி அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும்.